ராடிக்கியோ விதை போட்டவர்கள் யாராவது உண்டா? தளி முதல் பாலக்கோடு வரை, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் ஊர்ப் பெயரில் பேசிக்கொண்டது

தளி:

காபித்தூளில் கலக்கிற சிக்கரி எல்லோருக்கும் தெரியும். அதே இனத்துச் செடிதான் ராடிக்கியோவும். அதை வேருக்காக வளர்க்கிறார்கள், இதை இலைக்காக. கருஞ்சிவப்பு இலையில் வெள்ளை நரம்போடி, சின்ன முட்டைக்கோஸ் போல உருண்டு கட்டும். சொந்த மண் இத்தாலியின் வெனெட்டோ பக்கம். உருண்டை ரகத்துக்குக் கியோஜா, நீளமாக வருவதற்கு ட்ரெவிசோ என்று அங்குள்ள ஊர்ப் பெயர்களே ரகப் பெயர்களாகிவிட்டன. பெங்களூரு கடைகளில் இதன் விலையைப் பார்த்தவர்களுக்கு, எனக்கு ஏன் விதை வாங்கத் தோன்றியது என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் மண்ணும் உரமும் இதற்குப் பெரிய விஷயமே இல்லை. செம்மண்ணில் மக்கிய தொழு உரமும் கொஞ்சம் மண்புழு உரமும் போட்டால் போதும். எந்த மாதம் விதைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உருண்டை இறுகுகிற காலம் மார்கழி, தைக் குளிரில் விழ வேண்டும். சீக்கிரம் வருகிற ரகத்துக்கே நடவு செய்து இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். அதற்கு முன் நாற்று ஒரு மாதம். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல் வாரத்தில் விதை மண்ணில் இருக்க வேண்டும்.

குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு இரண்டு விதை போட்டு, அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடாமல் விடுவேன். மண்சூடு 20 டிகிரி பக்கம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். 30-ஐத் தாண்டினால் முளைப்பு குறைந்துவிடும். புரட்டாசி வெயிலைத்தான் தெரியுமே, அதனால் தட்டு மாமர நிழலில், மேலே ஈரச் சாக்கு. முளை கண்ணில் பட்ட அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாற்று வெளுத்து நெட்டையாகிவிடும்.

நாலைந்து இலை வந்ததும் நட்டுவிட வேண்டும். ஆணிவேர்ச் செடி, தட்டிலேயே முற்றவிட்டால் வேர் சுருண்டு பிறகு எங்கே நட்டாலும் தேறாது. செடிக்குச் செடி ஒரு அடி. ஐப்பசி மழைத் தண்ணீர் நிற்கிற தோட்டம் என்றால் மேட்டுப்பாத்தி கட்டாயம். அடியிலை அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கார்த்திகை வரைக்கும் பார்க்க ஒன்றும் இருக்காது. பச்சையும் செம்பழுப்புமாக இலை பரந்து தரையோடு கிடக்கும். "இதென்ன, களைக்கா தண்ணி விடறே?" என்று வீட்டில் கேட்பார்கள். பனி இறங்க ஆரம்பித்ததும் நடு இலைகள் ஒன்றின் மேல் ஒன்று மடங்கும், நிறம் ஏறும். சாயம் போன வெளியிலைகளை விலக்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அறுக்கலாம். அறுத்த இடத்தில் வெள்ளைப் பால் கசிந்து கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும். வேரைப் பிடுங்காமல் மேலோடு அறுத்தால் குளிர் இருக்கும்வரை சின்னதாக மறுபடி துளிர்க்கும். வெளியிலை எல்லாம் மாட்டுக்கு, அது விரும்பித்தான் தின்கிறது. ராகிக்கு யானை வருகிற ஊர் எங்களது. இதை இன்னும் தொடவில்லை. அதற்குச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை.

எல்லாச் செடியும் உருண்டை கட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுரகம் (ஹைபிரிட்) அல்லாத விதையில் சில செடிகள் கடைசிவரை விரிந்தேதான் நிற்கும்.

பாலக்கோடு:

அண்ணா, நீங்கள் 3000 அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு குளிர், பனி என்கிறீர்கள். எங்கள் கதையைக் கேளுங்கள். எனக்கு விதை கைக்கு வந்ததே பொங்கலுக்குத்தான். தக்காளி எடுத்த பாத்தியில் ஓரமாகப் போட்டேன். முளைப்பெல்லாம் அருமை, மாசி வரைக்கும் இலையும் தளதளவென்று இருந்தது. பங்குனி வெயில் ஏறியதும் நடுத்தண்டு கிளம்பி இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. உருண்டையாவது ஒன்றாவது. நீலப்பூ பூத்தது, அவ்வளவுதான். காலையில் விரிகிற பூ உச்சி வெயிலுக்குள் சுருங்கிவிடுகிறது. சாமிக்கு வைக்கலாமா என்று கேட்டுப் பக்கத்து வீட்டம்மா தினமும் பறித்துப்போனார். இலையைக் கடித்துப் பார்த்தேன், பாகற்காய் தோற்றது.

தளி:

தம்பி, அது செடியின் குணம். முதல் வருஷம் இலை, குளிர் கண்ட பிறகு பூ என்பதுதான் அதன் வழக்கம். உங்கள் செடி இளசாக இருக்கும்போதே தைக் குளிர் பட்டது. அப்புறம் பகலும் நீண்டது, வெயிலும் ஏறியது. ஒரு வருஷம் தாண்டிவிட்டது என்று நினைத்துப் பூத்துவிட்டது. பூத்தண்டு எழும்பினால் கசப்பும் ஏறும். தருமபுரி பக்கம் 1500 அடி உயரம்தான், அதனால் உருண்டையை நம்பாதீர்கள். புரட்டாசிக் கடைசியில் நெருக்கி விதைத்து, ஒரு சாண் இலையாக இருக்கும்போதே கீரை மாதிரி அறுத்துச் சாப்பிடுங்கள். அது உங்கள் ஊரிலும் வரும்.

ஓசூர், மாடித்தோட்டம்:

எனக்கு உருண்டை கட்டியது. ஆனால் வெட்டிப் பார்த்தால் உள்ளே இலை விளிம்பெல்லாம் தீய்ந்தது போலப் பழுப்பு. பூச்சி என்று நினைத்து வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்ததில் அசுவினி போனது, பழுப்பு போகவில்லை. காரணம் தண்ணீர். பையில் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் ஊற்றி நனைத்தால், வளர்கிற உள்ளிலைக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராதாம். இப்போது காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், மண்மேல் வைக்கோல் மூடாக்கு. பழுப்பு காணவில்லை. நத்தையை மட்டும் ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டியதுதான்.

தேன்கனிக்கோட்டை:

அண்ணன் சொன்ன "விரிந்தே நிற்கிற" செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். எனக்கு ட்ரெவிசோவில் பாதிக்கு மேல் அப்படித்தான் நின்றது. இத்தாலிக்காரர்கள் பின்பருவ ட்ரெவிசோவை, குளிர் பட்ட பிறகு வேரோடு தோண்டி, இருட்டில் ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற தொட்டியில் நிறுத்துவார்கள். வேரில் சேர்த்துவைத்த சத்தை வைத்தே உள்ளிருந்து புது இலை வரும். அந்த ஊர் ராடிக்கியோவுக்கு 1996-லேயே ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

நம்மிடம் ஊற்று ஏது? நான் தைக் கடைசியில் வேரைத் தோண்டி, இலையை இரண்டு விரல் உயரம் விட்டு நறுக்கி, வாளியில் ஈர மணலில் நட்டு, ராகி மூட்டை அடுக்குகிற அறையில் வைத்து, மேலே இன்னொரு வாளியைக் கவிழ்த்தேன். வெளிச்சம் ஒரு கீற்றும் படக்கூடாது. சில வாரத்தில் தந்த நிறத்தில், ஓரம் மட்டும் இளஞ்சிவப்பாக, விரல் நீளத்துக்குத் துளிர் வந்தது. தோட்டத்து இலையோடு வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், கசப்பு அவ்வளவு குறைவு. மணல் சொதசொதவென்று இருந்தால் மட்டும் கழுத்து அழுகிவிடும்.

கிருஷ்ணகிரி:

எனக்குத் தோட்டம் இல்லை, தங்கை ஓசூரிலிருந்து கொடுத்தனுப்புவாள். சமைத்ததைச் சொல்கிறேன். பச்சையாகத் தின்பதானால் மெல்லிசாக அரிந்து அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுங்கள், கசப்பில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும். எங்கள் வீட்டில் எடுபட்டது வதக்கல்தான். நல்லெண்ணெயில் பூண்டு, வரமிளகாய் தாளித்து, பெரிய துண்டுகளாகப் போட்டு, அடுப்பு எரிய எரிய இரண்டு புரட்டு. சும்மா வதக்கினால் சிவப்பு போய் அழுக்குப் பழுப்பாகிவிடும். முதலிலேயே எலுமிச்சை பிழிந்தால் நிறம் நிற்கும். களிக்கும் பருப்புக் கடைசலுக்கும் தொட்டுக்கொள்ள, கசப்புப் பழகிய வாய்க்கு ஜோர். பிள்ளைகள் தொடமாட்டார்கள், வற்புறுத்தவும் வேண்டாம்.

பாலக்கோடு:

அக்கா சொல்வதைக் கேட்டால் இந்தப் புரட்டாசியில் விதைத்துவிடுவேன் போலிருக்கிறது. அண்ணா, என் செடிகள்தான் பூத்துத் தள்ளியதே, அதில் விதை எடுக்கலாமா?

தளி:

எடுக்கலாம், ஆனால் எடுக்காதீர்கள். வெயிலுக்கு அவசரப்பட்டுப் பூத்த செடியின் விதை அந்தக் குணத்தைத்தான் கொண்டுவரும். அதோடு இந்தச் செடிக்குத் தன் மகரந்தம் தனக்கே சேராது; தேனீ வேறு செடியிலிருந்து கொண்டுவர வேண்டும், அதனால் ஒற்றைச் செடியை விட்டுவைத்தால் விதை சரியாகப் பிடிக்காது. நன்றாக உருண்டவற்றில் ஒரு பத்துச் செடியை அறுக்காமல் விட்டிருக்கிறேன், ஒட்டுரகம் இல்லாத விதையில் வந்தவை. இப்போது மொட்டு வைத்திருக்கிறது. விதை முற்றியதும் சொல்கிறேன், தளி பக்கம் வந்தால் ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு போங்கள்.