எல்டர்ஃப்ளவர் வெடித்த இரவு

ஈஸ்ட்ஹாம்வாசி:
இது போன ஜூன் கதை. இங்கே லண்டனில் ரயில் பாதையோரம் எல்டர் மரம் கொத்துக் கொத்தாக வெள்ளையாய்ப் பூத்திருந்தது. எல்டர்ஃப்ளவர் என்கிற அந்தப் பூவை எலுமிச்சை, சர்க்கரை, கொஞ்சம் வினிகரோடு தண்ணீரில் ஊறப்போட்டு வடிகட்டி வைத்தால் தானே நுரைக்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்தார். ஈஸ்ட் வாங்க வேண்டாம், பூவிலேயே இருக்கிறதாம். காம்பைக் கிள்ளிப் போட்டுவிடு, வயிற்றுக்கு ஆகாது என்றும் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் காலியான கண்ணாடி ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி, இறுக மூடி, மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

எட்டாம் நாள் இரவு டமார்! ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டார். இந்த வீட்டில் சிலிண்டரே கிடையாது. நாலு பாட்டிலில் மூன்று போச்சு. கம்பளத்தில் இன்னும் பூ வாசனை வருகிறது.

பிரைட்டன் மாமா:
கண்ணாடியே கூடாது தம்பி. பழைய கோலா பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுங்கள், தினமும் விரலால் அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி ஆனால் மூடியை லேசாகத் திறந்து காற்றை விடுங்கள்.

போன கோடையில் டிட்ச்லிங் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஷாம்பெயின் மாதிரி நுரைக்கும் ஒயின் செய்கிறார்கள், அங்கேயும் இதே பாட்டில் கதைதான். ஒயினைப் பாட்டிலில் அடைத்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, உள்ளேயே இரண்டாம் முறை புளிக்க விடுகிறார்கள். உள்ளே ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேலாம். சாதாரண பாட்டில் எங்கே தாங்கும்? தாங்கும் பாட்டில் வந்த கதையையும் வழிகாட்டி சொன்னார்: கப்பலுக்கு மரம் வேண்டும் என்று 1615-இல் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடை போட்டார் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். சூடு கூடியது, பாட்டில் கெட்டியானது. 1662-இல் கிறிஸ்டோபர் மெரெட் என்பவர் ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்க வைப்பதைப் பற்றி லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் கட்டுரையே படித்திருக்கிறார். ஷாம்பெயின் வித்தை முதலில் எங்களுடையதுதான் என்கிற மாதிரி, இதைச் சொல்லும்போது எங்கள் வழிகாட்டிக்கு முகமெல்லாம் பெருமை. பிரெஞ்சுக்காரர் யாரும் கூட்டத்தில் இல்லை.

மண்ணைத் தொட்டால் விரலில் சாக்பீஸ் மாதிரி ஒட்டியது. பிரான்சின் ஷாம்பெயின் பகுதியிலும் இதே சுண்ணாம்பு மண்தான். ருசி? பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி சுருக்கென்ற புளிப்பு. எனக்குப் பிடித்தது, வீட்டு அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. விலைதான் ப்ரொசெக்கோ என்ற இத்தாலிய நுரை ஒயினைப்போல இரண்டு மூன்று மடங்கு.

கென்ட் மருமகள்:
எல்டர்ஃப்ளவரை ‘ஷாம்பெயின்’ என்று மட்டும் விற்றுவிடாதீர்கள் அண்ணா! சர்ரேயில் ஒரு கம்பெனி அப்படி விற்று, டெய்ட்டிங்கர் என்ற பிரெஞ்சு ஷாம்பெயின் கம்பெனி தொடுத்த வழக்கில் 1993-இல் தோற்றது. வேடிக்கை என்னவென்றால் அதே டெய்ட்டிங்கர் 2017-இல் எங்கள் கென்ட்டில், சில்லம் பக்கம் திராட்சை நட்டுவிட்டது.

நான் ஏமாந்தது வேறு விதம். வந்த புதிதில் ‘பிரிட்டிஷ் ஒயின்’ என்று போட்டிருந்த மலிவு பாட்டிலை, உள்ளூர்ச் சரக்கு என்று பெருமையாக விருந்துக்கு எடுத்துப்போனேன். வெளிநாட்டிலிருந்து வரும் திராட்சைச் சாற்றை இங்கே புளிக்க வைத்தால் அந்தப் பெயராம். இங்கேயே விளைந்த பழம் என்றால் ‘இங்கிலிஷ்’ அல்லது ‘வெல்ஷ்’ என்று இருக்க வேண்டும். விருந்து கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலைத் திறக்கவும் இல்லை.

சோடாக்கடை பேரன்:
நான் குடிப்பதில்லை, எல்டர்ஃப்ளவர் சிரப்பில் சோடா ஊற்றினால் போதும். பாட்டில் பேச்சு வந்ததால் ஒன்று. நம் கோலி சோடா பாட்டிலும் இங்கிருந்து வந்ததுதான். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் பேட்டன்ட் எடுத்தது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியைத் தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிக்கொள்ளும். தாத்தா கடையில் அதைப் பார்த்து வளர்ந்தவன், லண்டன் மியூசியம் ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
மாமா சொன்னபடி இந்த வருடம் பிளாஸ்டிக் பாட்டில், ஆறு எண்ணம். இன்று காலை அமுக்கிப் பார்த்தேன், கல். மூடியை லேசாகத் திருகினேன், உஸ்ஸ் என்றது. மாமியார் அடுத்த அறையிலிருந்து, “மறுபடியுமா?” என்றார்.