புது ஹாம்ஸ்டருக்குக் கூண்டு: என்ன அளவு, அடியில என்ன போடறது, நம்ம வெயிலுக்கு என்ன வழி?

சோமனூர்_தறி எழுதியது:

வணக்கமுங்க. மகளுக்காக ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் குட்டி வாங்கறதா இருக்கோம். கூண்டை முழுசாத் தயார் பண்ணிட்டு அப்பறம் குட்டியக் கொண்டுவரலாம்னு இருக்கேன். கடையில காட்டினது ஒன்றரை அடி நீளக் கம்பிக் கூண்டு. ரெண்டு மாடி, உள்ளயே ஒரு சின்னச் சக்கரம், அடியில போட கலர் பஞ்சு ஒரு பாக்கெட். ஜோடியா எடுத்தாத்தான் துணையா இருக்கும்னும் சொல்றாங்க.

இந்தக் கூண்டு பத்துங்களா? இங்க பனியன் வேஸ்ட், மில் பஞ்சு, மர மில் தூள், தேங்காய் நார்க்கழிவு எல்லாம் சல்லிசாக் கிடைக்கும். இதுல எதைப் போடலாம்? வீடு ஓட்டு வீடு. ஆசாரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுது. கூண்டை எங்க வெக்கறது, ஏப்ரல் மே வெயிலுக்கு என்ன செய்யறதுன்னு விவரமாச் சொன்னா உதவியா இருக்கும்.

---

கோவை_கண்ணாடித்தொட்டி எழுதியது:

அந்தக் கூண்டு வேண்டாமுங்க. சிரியனுக்கு மாடியக் கணக்குல எடுக்காதீங்க, தரையத்தான் பார்க்கோணும். ஒரே தரையா 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் குறைஞ்சபட்சம். உயரமும் 50 கிட்ட வேணும், ஏன்னா பாதி உயரத்துக்கு அடியில போடற படுக்கையே நிறையப் போகுது.

இந்த உயிரோட சொந்த ஊர் சிரியா நாட்டு அலெப்போ பக்கம். அங்க வயல்ல இருக்கற காட்டு ஹாம்ஸ்டரோட வளை சராசரியா 65 செ.மீ. ஆழம். 1930ல அங்க ஒரு தாயையும் அதோட குட்டிகளையும் பிடிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா வீட்டுல வளர்ற சிரியன் பெரும்பாலும் அந்தக் குட்டிகளோட வம்சந்தான். தோண்டற குணம் துளியும் போகலை. கம்பிக் கூண்டோட தட்டு 5, 6 செ.மீ. ஆழம்தான். தோண்ட முடியாம கம்பியக் கடிக்கும், பல்லு கோணும், மூக்கு மேல முடி போய்ப் புண்ணாகும். சுவிட்சர்லாந்துல 10, 40, 80 செ.மீ. ஆழத்துல படுக்கை போட்டு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2006ல வந்துது. 10 செ.மீ.ல இருந்ததுங்கதான் கம்பிய அதிகமாக் கடிச்சுது.

நம்ம பக்கம் சுளுவான வழி மீன் தொட்டி. நாலடிக்கு ஒன்றரை, உயரம் ஒன்றரை, அதாவது 120 × 45 × 45 செ.மீ. அகலத்துல 5 செ.மீ. குறைஞ்சாலும் மொத்தத் தரை 5,400 சதுர செ.மீ. வந்துரும். தண்ணி நிக்கப் போறதில்லை, அதனால 5 மி.மீ. கண்ணாடி போதும். ஒழுகுதுன்னு ஓரங்கட்டின பழைய தொட்டி இருந்தாக் கேட்டுப் பாருங்க. சிலிக்கான் விட்டுப்போன தொட்டி நமக்கு ஆகும், விரிசல் விட்டது ஆகாது.

மூடிக்குக் கண்ணாடியோ பலகையோ போடாதீங்க. மூத்திரத்து அம்மோனியாவும் சூடும் உள்ளயே நின்னுக்கும். ஒரு இஞ்ச் ரீப்பர்ல சட்டம் அடிச்சு அரை இஞ்ச் வெல்டு மெஷ் இழுத்துக் கட்டிருங்க. கம்பி முனை உள்பக்கம் நீட்டாம மடக்கோணும். ரோபோரோவ்ஸ்கி மாதிரிக் குள்ள வகை வாங்கினா கால் இஞ்ச் மெஷ். அரை இஞ்சுல குட்டி நுழைஞ்சு வந்துரும்.

சக்கரம் சிரியனுக்கு 28 செ.மீ. விட்டம். ஓடறப்ப முதுகு நேரா இருக்கோணும், வில்லா வளைஞ்சா சக்கரம் சின்னது. கூண்டோட வர்றது 15, 17 செ.மீ.தான் இருக்கும், அதுவும் கம்பிப் படி வெச்சது. அந்தச் சந்துல கால் சிக்கி எலும்பு முறியும், பாதத்துல ஆறாத புண்ணு வரும். ஓடற பரப்பு இடைவெளி இல்லாம மூடினதா வாங்குங்க. தாங்கியோட சேர்த்து 32 செ.மீ. போல உயரம் வரும். அதனால படுக்கைய ஒரு முனையில 30 செ.மீ., மறு முனையில 8 செ.மீ.ன்னு சரிவாப் போட்டு, ஆழம் குறைஞ்ச பக்கம் சக்கரத்த வைங்க. 32ம் 8ம் நாப்பது, மூடி இடிக்காது.

ஒரு விசயம் மறக்கவே கூடாது: கனமான சாமான் எதையும் படுக்கை மேல வெக்காதீங்க. கீழ வளை தோண்டிட்டு இருக்கறப்ப மேல இருக்கற கல்லோ சக்கரமோ எறங்கி அமுக்கிப் போடும். தொட்டித் தரையிலயே நாலு கால் வெச்ச பலகை நிறுத்தி, அது மேல சக்கரம், மண்சட்டி எல்லாம் வெச்சு, அப்பறம் சுத்தியும் படுக்கைய நிரப்பணும்.

---

திருப்பூர்_அக்கா எழுதியது:

மேல சொன்னது அத்தனையும் சரிங்க. படுக்கை பத்தி மட்டும் நான் சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்ல சும்மா கிடைக்கிறது எல்லாமே இதுக்கு ஆகாத சாமான்.

பஞ்சு எந்த நிறத்துலயும் வேண்டாம். இழை காலைச் சுத்தி இறுகினா ரத்த ஓட்டம் நின்னு பாதமே போயிரும். தீனி அடக்கிக்கற கன்னப் பையில திணிச்சா வெளிய வராது, முழுங்கினா குடல் அடைக்கும். பனியன் வேஸ்ட்ல லைக்ரா நூல் கலந்திருக்கும், அது இன்னும் மோசம். மர மில் தூள்ல தேக்கு, வேம்பு, பாக்கிங் பெட்டியோட பைன் எல்லாம் ஒரே குவியல். பைன், சீடர் மரத்துல இருந்து வர்ற பீனால் ஆவி மூச்சுக்குழாயையும் ஈரலையும் கெடுக்கும். என்ன மரம்னே தெரியாத தூளை நம்பக்கூடாது. நெல் உமி கூர்மையா இருக்கும், தூசியும் சாஸ்தி, வளையும் நிக்காது.

போட வேண்டியது சாயமும் வாசனையும் இல்லாத பேப்பர் படுக்கை. இந்தத் தொட்டிக்கு 30ல இருந்து 8க்குச் சரிவுன்னா சராசரி 19 செ.மீ. 120 × 45 × 19, கிட்டத்தட்ட 103 லிட்டர். பாக்கெட்டுல போட்டிருக்கற லிட்டர் உதிர்த்த பிறகு வர்ற அளவு. கையால அமுக்கறப்ப குறையும், அதனால 130 லிட்டராவது வாங்குங்க. முழுசும் வாங்கக் கட்டுபடி ஆகலைன்னா அச்சடிக்காத வெள்ளைப் பேப்பரை நீளவாக்குல 5 மி.மீ. பட்டையாக் கிழிச்சு மூணுல ஒரு பங்கு கலக்கலாம். 10 செ.மீ. போட்டு உள்ளங்கையால நல்லா அமுக்கி, அது மேல விரல் தடிமனுக்குக் காய்ஞ்ச புல்லு பரப்பி, மறுபடி 10 செ.மீ. இப்படி அடுக்கினாத்தான் வளை இடியாம நிக்கும். வெறும் பேப்பரை உதிர்த்துக் கொட்டினா தோண்டத் தோண்டச் சரிஞ்சுக்கிட்டே இருக்கும், குட்டி வெறுத்துப் போய்த் தோண்டறதையே விட்டுரும்.

கூடு கட்ட வாசனையில்லாத வெள்ளை டிஷ்யூவை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழிச்சு ஒரு கை மேல போட்டா போதும், அதுவே இழுத்துட்டுப் போய்க்கும். வீட்டுக்குக் கொட்டாங்குச்சி நல்லதுதான், நாரெல்லாம் சுரண்டிட்டு விளிம்பை உப்புத்தாள்ல தேய்ச்சிருங்க. ஆனா வளர்ந்த சிரியனுக்குக் கொட்டாங்குச்சி பத்தாது. அடியில்லாத மரப்பெட்டி, 7 செ.மீ. வாசல், ஆழமான பக்கத்துல. கன்னப் பை நிறைய தீனியோட நுழையறப்ப 5 செ.மீ. வாசல்ல மாட்டிக்கும்.

குளிக்க ஒரு தட்டு மணல் வேணும். எம் சாண்ட் உடைச்ச கல்லு, கூர்மை, பொடியும் அதிகம், அது ஆகாது. சலிச்ச ஆத்து மணலைத் தண்ணி தெளியற வரைக்கும் அலசி, வாணலியில அரை மணி நேரம் வறுத்து ஆறவெச்சு, 3 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்க. நிறைய ஹாம்ஸ்டர் மூத்திரத்தையும் அங்கயே பழகிக்கும், நமக்குச் சுத்தம் பண்றது சுளுவு.

---

ஈரோட்டுத்_தம்பி எழுதியது:

ஜோடி மட்டும் வாங்கிறாதீங்க அண்ணா. சிரியன் தனியா வாழற இனம். எட்டு வாரம் தாண்டினா அக்கா தங்கச்சியாவே இருந்தாலும் கடிச்சுக்கும், ராத்திரியில நடக்கறதால காலையில ஒண்ணு செத்துக் கிடக்கறப்பத்தான் தெரியும். ஆணும் பொண்ணுமா வந்தா 16 நாள்ல குட்டி. ஒரு கூண்டுக்கு ஒண்ணுதான்.

---

சோமனூர்_தறி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தொட்டிக்குச் சொல்லிட்டேன், ஒண்ணே ஒண்ணுதான் வாங்கறோம். அக்கா, கோழிப்பண்ணைக்கெல்லாம் நார்க்கழிவுதானுங்க போடறாங்க, இதுக்குக் கொஞ்சம்கூட ஆகாதா? காங்கேயத்துல ஒறம்பரை தோட்டத்துல கொழுக்கட்டைப் புல்லு காயவெச்சு இருக்குது, அடுக்குல அதைப் போடலாமா? வெயில் பத்தியும் யாராவது சொல்லுங்க.

---

திருப்பூர்_அக்கா எழுதியது:

கோழி மேல நடக்குது, இது உள்ள பூந்து மூச்சு விடுது, அதான் வித்தியாசம். காய்ஞ்ச நார்க்கழிவு பொடிப்பொடியா மூக்குல ஏறும். தோண்டி விளையாட ஒரு தட்டுல தனியா வெக்கலாம்: உப்பு நீக்கிக் கழுவின 650 கிராம் கட்டி ஒண்ணு ஊறினா 8 லிட்டர் வரும். பிழிஞ்சா சொட்டாத ஈரத்துல இருக்கோணும். வாரம் ஒருக்கா வெளிய எடுத்துப் பூஞ்சை பாருங்க.

கொழுக்கட்டைப் புல்லு அருமையான யோசனைங்க, மருந்து அடிக்காத கொறங்காட்டுப் புல்லுன்னா கண்ணை மூடிட்டுப் போடலாம். கதிரை மட்டும் சுத்தமா உருவிருங்க, அதுல இருக்கற முள்ளு மயிர் கன்னப் பைக்குள்ள குத்தும். தண்டும் இலையும் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, பையில கட்டி ஃபிரீசர்ல ரெண்டு நாள் வெச்சு எடுத்தா உண்ணி, பூச்சி செத்துரும். சோளத்தட்டு வேண்டாம், ஓரம் அறுக்கும்.

---

கரூர்_வெயில் எழுதியது:

வெயிலுக்கு நான் சொல்றேன். ஹாம்ஸ்டருக்கு ஏத்தது 18ல இருந்து 24 டிகிரி. 30ஐத் தாண்டினா ஆபத்து ஆரம்பம். மே மாசம் நம்ம ஓட்டு வீட்டுக்குள்ள மத்தியானம் 34, 35 சாதாரணம். அதனால முதல்ல ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, தொட்டி வெக்கப் போற இடத்துல, வெக்கப் போற உயரத்துல, மத்தியானம் மூணு மணிக்குப் பாருங்க. இடத்தை அந்த எண்தான் முடிவு பண்ணோணும். அட்டாலிப் பக்கம் போகவே வேண்டாம், சூடெல்லாம் மேலதான் நிக்கும். வடக்குச் சுவரை ஒட்டி, தரையில இருந்து ஒன்றரை அடி உயர ஸ்டாண்டுதான் சரி. கண்ணாடித் தொட்டி மேல நேர் வெயில் அரை மணி நேரம் விழுந்தாலும் உயிர் போயிரும். ஆடிக்காத்து அடிக்கற மாசங்கள்ல மேக்கு ஜன்னலுக்கு நேராவும் வெக்காதீங்க, தூசி பூரா மெஷ் வழியா உள்ள கொட்டும்.

ஹாம்ஸ்டருக்கு வேர்க்காது. அதனால மின்விசிறியத் திருப்பி விட்டாக் குளிர்ந்துரும்னு நினைக்கறது தப்பு, சூடான காத்தைச் சுத்த விடறதோட சரி. உதவறது கல்லு. ஆழம் குறைஞ்ச பக்கத்துல, தொட்டித் தரையில பலகை வெச்சு, அது மேல ஒரு அடிக்கு ஒரு அடி கடப்பைக்கல்லோ டைல்ஸோ போட்டா வயித்தை ஒட்டிப் படுத்துக்கும். ரெண்டு கல்லு வெச்சுக்கிட்டு ஒண்ணை ஃபிரிட்ஜுல வெச்சு மாத்தலாம். ஒரு லிட்டர் பாட்டில்ல தண்ணிய உறைய வெச்சு, துண்டு சுத்தி, தொட்டிக்கு வெளிய கண்ணாடிய ஒட்டி நிறுத்துங்க. உள்ள வெச்சா வேர்த்துச் சொட்டி படுக்கை நனைஞ்சு பூஞ்சை பிடிக்கும். மெஷ் மேல வெச்சாலும் அதேதான். ஏர் கூலர் சித்திரை மாதிரிக் காய்ஞ்ச மாசத்துல வேலை செய்யும், ஆனா ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினா அணைச்சிருங்க. இவ்வளவுக்கும் 30க்குக் கீழ வரலைன்னா மத்தியானம் 12ல இருந்து 5 வரைக்கும் ஏசி அறைக்கு மாத்தறதைத் தவிர வழி இல்லைங்க. அதுக்கு முடியாதுன்னா இந்த வெயில் முடிஞ்சு ஆனி, ஆடியில குட்டி வாங்குங்க, ஒரு வருசத்துல ஏற்பாடு பண்ணிக்கலாம்.

வெப்பம் தாக்கினா மல்லாந்தோ தட்டையாவோ கிடக்கும், வாய் ஓரம் நனைஞ்சிருக்கும், தூக்கினாத் துவளும். குளிர்ந்த இடத்துக்கு மாத்தி, சாதாரணத் தண்ணியில நனைச்ச துணியால காதும் பாதமும் மட்டும் ஒத்துங்க. ஐஸ் தண்ணி ஊத்தாதீங்க, அதிர்ச்சியிலேயே போயிரும். மயக்கத்துல இருக்கறப்ப வாய்ல தண்ணி விடவும் கூடாது. உடனே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகணும். உங்க பக்கத்துல ஹாம்ஸ்டர் பார்க்கற டாக்டர் யாருன்னு குட்டி வர்றதுக்கு முந்தியே விசாரிச்சு வெச்சுக்கங்க. எல்லாரும் பார்க்க மாட்டாங்க. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணிக் கேட்டு வெக்கலாம்.

தறிச் சுவர் விசயம் முக்கியமுங்க. நம்ம காதுக்கு எட்டாத உயர் ஒலியெல்லாம் இதுக்குக் கேக்கும், அதிர்வும் ஸ்டாண்டு வழியா ஏறும். பகல்ல தூங்கற உயிர், தறியும் பகல்ல ஓடும். அந்தச் சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம், ஒரு அறை தள்ளி வைங்க. பஞ்சுத் தூசியும் அந்த அளவுக்குக் குறையும். ஸ்டாண்டு கால் அடியில ரப்பர் துண்டு போடுங்க.

---

கோவை_கண்ணாடித்தொட்டி எழுதியது:

ரப்பர் துண்டோட எறும்புக்கும் வழி பண்ணிருங்க, நாலு காலையும் தண்ணிக் கிண்ணத்துல நிறுத்தினாப் போதும். எறும்பு சாக்பீஸ், மருந்துப் பொடி, கொசுவத்தி, சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறையில வேண்டாம். ஹாம்ஸ்டர் தீனியக் கூட்டுக்குள்ள சேர்த்து வெக்கும். கம்பு, தினை இருந்தாப் பரவால்லை, வெள்ளரி, கேரட் துண்டு மிச்சத்தை மட்டும் அன்னன்னிக்கே எடுத்திருங்க.

தண்ணி பாட்டில்ல ஒரு தொந்தரவு வரும். நம்ம போர் தண்ணி உப்பு, மூக்குல இருக்கற குண்டைச் சுத்தி வெள்ளையாப் படிஞ்சு அடைச்சுக்கும், பாட்டில் நிறையத் தண்ணி இருக்கும், ஒரு சொட்டும் வராது. தினமும் விரலால குண்டைத் தட்டிப் பாருங்க. வாரம் ஒருக்கா மூக்கை வினிகர்ல அரை மணி ஊறவெச்சுக் கழுவுங்க. வெயில் காலத்துல ஒரு சின்னப் பீங்கான் கிண்ணமும் சேர்த்து வெச்சிருங்க.

சுத்தம் பண்றப்ப மூத்திர மூலையும் மணல் தட்டும் மட்டும் வாரம் ரெண்டு தடவை. மொத்தப் படுக்கையையும் ஒரேயடியா மாத்தினா அதோட வாசனை போய்ப் பதறி ஓடும். ஒண்ணரை மாசத்துக்கு ஒருக்கா மூணுல ஒரு பங்கு எடுத்துட்டுப் புதுசு கலக்குங்க, வளை இருக்கற பக்கத்தைத் தொடாம. ஃபினாயில் வேண்டாம், வினிகரும் தண்ணியும் சரிபாதி.

குட்டி வந்ததும் நாலு நாள் தீனி, தண்ணி வெக்கறதோட கைய எடுத்துருங்க, பாப்பாவுக்கும் சொல்லி வைங்க. அந்த நாள்ல பின்பக்கம் வாலுக்குக் கீழ ஈரமா, ஒட்டிப்போய், நாத்தமா இருந்தா ஈரவால் நோய். இளங்குட்டிக்கு இடம் மாத்தின பதட்டத்துல வர்றது, ரெண்டு நாள்லயே ஆளை முடிச்சிரும். மறுநாள் பார்க்கலாம்னு விடாம அன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும்.

பழைய தொட்டி வந்ததும் சிலிக்கான் வெச்சு ஒட்ட வேண்டியது இருந்தா புளிச்ச வினிகர் வாசம் முழுசாப் போற வரைக்கும், குறைஞ்சது மூணு நாள், திறந்து காயப் போடுங்க. பூஞ்சை மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், மீன் தொட்டிக்குன்னு போட்டிருக்கறதக் கேட்டு வாங்குங்க.