'லிஞ்சிங்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

வணக்கம். ஒருவர் மேல் குற்றம் சாட்டி, சட்டத்தை மீறி ஒரு கூட்டம் தானே அவரைக் கொன்றுவிடுவதை ஆங்கிலத்தில் 'லிஞ்சிங்' என்கிறார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில் இது.

> நாளிதழ்களில் 'கும்பல் கொலை' என்று எழுதிப் பழகிவிட்டது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

இன்றைய செய்திக்குச் சரி. அமெரிக்கக் கறுப்பின மக்கள் எதை எதிர்த்து இயக்கம் கட்டினார்களோ, அதைச் சொல்ல இது பத்தாது. முன்விரோதத்தில் நாலு பேர் சேர்ந்து ஒருவரை வெட்டினாலும் கும்பல் கொலைதான். லிஞ்சிங்கில் கொல்பவர்கள் தாங்களே நீதிபதி என்ற தோரணையில் வருகிறார்கள்.

அதற்காக, இன்னொரு யோசனையாக வந்த 'கும்பல் தண்டனை'யும் வேண்டாம். தண்டனை என்றதுமே செத்தவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். 1892-இல் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பினத்தவரான தாமஸ் மாஸையும் இரு கூட்டாளிகளையும் முகமூடிக்காரர்கள் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். பகைக்கு மூலம், மாஸ் தரப்பின் மளிகைக்கடை ஒரு வெள்ளைக்காரர் கடையின் வியாபாரத்தைக் கெடுத்ததுதான். மாஸின் தோழியான பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அப்புறம் இத்தகைய கொலைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி, சாட்டப்பட்ட குற்றங்களில் பல வெறும் சாக்கு என்று எழுதினார். நாம் போய்க் கொன்றவர்களுக்கு வக்காலத்து வாங்கவா? ('தூக்கிலிடல்' என்பதும் இங்கேயே அடிபட்டுப் போகிறது; இவர்களைச் சுட்டுத்தானே கொன்றார்கள்.)

என் பரிந்துரை: ஊர்க்கொலை.

1916 மே மாதம், டெக்சாஸின் வேக்கோ நகரம். 17 வயதுக் கறுப்பின இளைஞர் ஜெஸ்ஸி வாஷிங்டனைத் தீர்ப்பு வாசித்த கையோடு நீதிமன்றத்திலிருந்து இழுத்துப்போய், நகர மன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் எரித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் 10,000 பேருக்கு மேல் என்கிறார்கள். படம் பிடித்து அஞ்சலட்டையாகவும் விற்றார்கள். அதில் முகங்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் இப்படிப்பட்ட சாவுகளை 'அடையாளம் தெரியாத நபர்களால்' என்று எழுதிக் கோப்பை மூடுவது அன்று அங்கே வாடிக்கை. 'கும்பல்' என்று எழுதினால் நாமும் அதையே செய்கிறோம். வந்தவர்கள் ஊர்க்காரர்கள்.

> ஊர் என்றால் கறுப்பின மக்களும் அதில் சேர்த்திதானே?

நம் பேச்சில் ஊர் வேறு, சேரி வேறு. யாரை வெளியே நிறுத்திவிட்டு ஊர் தன்னை ஊர் என்று சொல்லிக்கொள்கிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம். சேர்த்தியில்லை என்பதால்தான் இந்தச் சொல்.

1909-இல் தொடங்கிய, கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி, ஒரு காலத்தில் இப்படி ஒரு கொலை நடந்த செய்தி வந்ததும் தன் நியூயார்க் அலுவலகச் சன்னலில் ஒரு கறுப்புக் கொடியைத் தொங்கவிட்டு வந்தது. அதில் ஒரே வரி. தமிழில் 'நேற்று ஓர் ஊர்க்கொலை' என்று எழுதினால் கொடிக்குள் அடங்குகிறது.

1922-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் நிறைவேறி, மேலவையான செனட்டில் முடக்கப்பட்ட டயர் மசோதாவை மட்டும் 'கும்பல் கொலைத் தடுப்பு மசோதா' என்றே விடலாம். அந்த மசோதாவின் வாசகமே கும்பலை வரையறுத்துத்தான் பேசுகிறது.

வினையில்தான் இடறுகிறது. 'ஊர்க்கொலை செய்யப்பட்டார்' நன்றாக இல்லை. 'ஊர் கூடிக் கொன்றது' என்று எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா?