டார் பீச் மாதிரி வேற படப் புத்தகம் சொல்லுங்களேன்

பொண்ணுக்கு 6 வயசுங்க, லைப்ரரில இருந்து ஃபெய்த் ரிங்கோல்டுங்கற அமெரிக்கக் கறுப்பின ஓவியரோட டார் பீச் எடுத்துட்டு வந்தேன், நியூயார்க்ல கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஹார்லெம்ல ஒரு மொட்டை மாடி, பெரியவங்க சீட்டாடுறாங்க, கேஸிங்கற 8 வயசு சுட்டி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேல பறக்குறா, இவ தினம் நாலு வாட்டி அதையே வாசிக்கச் சொல்றா. 1988ல ரிங்கோல்டு செஞ்ச க்வில்ட்தான் (ஒட்டுத்துணிப் போர்வை) 1991ல புக்காச்சு. பக்கத்துக்கு அடியில ஓடுற ஒட்டுத்துணி பார்டரை விரலால தடவிப் பாக்குறா, அது வெறும் பேப்பர்தான்டின்னா நம்பல 😄

பிரச்சினை என்னன்னா, பாலம் கட்டுன கேஸியோட அப்பாவை ஏன் யூனியன்ல சேத்துக்கலன்னு கேக்குறா, நிறத்தாலன்னு சொன்னா அடுத்த ஏன் வருது. நீங்கல்லாம் எப்படி விளக்குனீங்க? அமெரிக்கக் கறுப்பின மக்கள் தெற்குலேந்து வடக்குக்குக் குடிபெயர்ந்ததைச் சொல்ற, ஓவியர் ஜேக்கப் லாரன்ஸோட 60 ஓவிய கிரேட் மைக்ரேஷன் சீரிஸ்ல தூக்குக்கயிறுலாம் வருதே, அந்த புக் இந்த வயசுக்குக் காட்டலாமா, வெயிட் பண்ணவா?