வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றி விசாரித்தால் எதைச் சொல்வது?

கேள்வி (தில்லி, மயூர் விகார்வாசி):
எங்கள் குடியிருப்பில் சில வீடுகளில் வேலை செய்துவந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர்மீது, ஒரு வீட்டில் மோதிரம் காணாமற்போனபோது வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் எழுப்பப்பட்டது. அவர் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. காவல்துறையில் புகாரும் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வீட்டாரும் அவரை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் அவர் நேர்மையாகவே வேலை செய்தார். இப்போது அவரை வேலைக்கு வைக்க விரும்பும் ஒரு குடும்பத்தார் என்னிடம் விசாரிக்கிறார்கள். மோதிரச் செய்தியை மறைப்பது கேட்டவருக்குச் செய்யும் துரோகமா, சொல்வது அந்தப் பெண்மணிக்குச் செய்யும் அநியாயமா?

பதில் (கரோல் பாக் ராமன்):
மறைக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். வீட்டுச் சாவியை ஒப்படைக்கப் போகிறவர்கள் நம்பிக் கேட்கிறார்கள். நாளை அங்கே ஏதேனும் காணாமற்போனால் உங்களைத்தான் வந்து கேட்பார்கள்.

பதில் (வழக்குரைஞர், முனீர்கா):
ராமன் ஐயா சொல்லும் கடமையை நான் மறுக்கவில்லை. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும், கேட்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு தரும் எச்சரிக்கையை அவதூறிலிருந்து விலக்குகிறது. ஆனால் உரிய கவனமின்றிச் செய்யப்படும் எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே ஒருவரின் ஊகத்தை விசாரிக்காமலே குழு முழுவதற்கும் அனுப்பியவர் இந்த விலக்கை எளிதில் கோர முடியாது. நற்பெயரும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வாய்வழிச் சிபாரிசை நம்பியே வேலை கிடைக்கும் ஒரு பெண்ணுக்கு நற்பெயர் போனால் அடுத்த மாதச் சம்பளமும் போகிறது. நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். அவர்கள் மேலும் உறுதி வேண்டினால் காவல்துறையின் வீட்டுப் பணியாளர் சரிபார்ப்பு இருக்கிறது.

பதில் (திரிலோக்புரி செல்வி):
என் அம்மா இந்த நகரத்தில் பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர் என்பதால் எழுதுகிறேன். குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குழுவிலேயே இல்லை. தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்பதுகூட அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்காது. வெளியே யாரிடம் எதைச் சொல்வதற்கும் முன்னால் நீங்கள் அவரிடம் பேச வேண்டும். அந்தக் குடும்பத்தார் மோதிரத்தைப் பற்றிக் கேட்டால் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். புகாரும் சாட்சியும் இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது: சந்தேகம் எழுப்பிய வீட்டாரிடம், மோதிரம் பிறகு கிடைத்ததா என்று இதுவரை யாராவது விசாரித்தீர்களா?