கடற்கரைக்கு நாயை அழைத்துச் செல்லும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: அடையாறு வாசகி

வணக்கம். எங்கள் வீட்டு லேப்ரடாருக்கு இரண்டு வயது. எடை 28 கிலோ. சென்ற மாதம் முதன்முறையாக அதைத் திருவான்மியூர் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, அலையோரத்தில் பந்தை வீசி ஒரு மணி நேரம் விளையாடவிட்டோம். வீடு திரும்பியதும் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்தது, சிறிது நேரத்தில் மணல் கலந்த நீராக மூன்று முறை வாந்தி எடுத்தது, இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. மறுநாள் தேறிவிட்டது என்றாலும் அந்த இரவின் அச்சம் எனக்கு இன்னும் நீங்கவில்லை. அடுத்த ஞாயிறு பெசன்ட் நகர் கடற்கரைக்குச் செல்ல விரும்புகிறோம். எங்கே தவறினோம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கால்நடை மருத்துவம் படித்தவன்

சகோதரி, நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் உங்கள் நாய் கடல்நீரை நிறைய விழுங்கியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பு குடலுக்குள் உடலின் நீரை இழுத்துக்கொள்வதால்தான் வயிற்றுப்போக்கு உண்டாகிறது. நாய் தாகத்துக்காகக் குடிக்காவிட்டாலும், மிதக்கும் பந்தைக் கவ்வும்போது வாய் அகலத் திறந்திருப்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு உள்ளே போய்விடும். ஈரப் பந்தில் ஒட்டிய மணலும் கூடவே போகும். அந்த மணல் அதிகமாகச் சேர்ந்தால் குடலையே அடைத்துவிடக்கூடும். ஆகவே விளையாட்டை அலையிலிருந்து தள்ளி, பந்துக்குப் பதிலாகத் தட்டையான பொருளைக் கொண்டு நடத்துங்கள். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுபோன நல்ல தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த நிலையில் இரத்தத்தில் ஏறிய உப்பைச் சடாரென்று குறைத்தால் மூளை வீங்கும் ஆபத்து உண்டு என்பதால், வீட்டு வைத்தியம் கூடாது.

வெயிலையும் சொல்ல வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். உங்கள் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதங்களும் அங்கே வெந்துவிடும். இரைப்பு அடங்காமல் நாக்கு கருஞ்சிவப்பாகி, கால்கள் துவண்டால், நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே மருத்துவரிடம் விரையுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

பதில்: ராஜபாளையம் வளர்ப்பவர்

எங்கள் ராஜபாளையத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இந்த இனத்தில் அது அரிதன்று. ஒருமுறை காலியான கரைதானே என்று கயிற்றைக் கழற்றிவிட்டேன். அது அலையை நோக்கி ஓடியபோது நான் கத்தியது எதுவும் அதற்கு எட்டவில்லை. முதல் அலை புரட்டிப்போட்டபின் அதுவாகவே திரும்பியதால் பிழைத்தது. காது நன்றாகக் கேட்கும் நாய்க்கும் அலையின் இரைச்சலில் நம் குரல் போய்ச் சேராது என்பதால், மார்புப்பட்டையும் நீளமான கயிறும் இல்லாமல் அழைத்துச் செல்லாதீர்கள். கரையில் தெருநாய்கள் உள்ளன. வெறிநோய்த் தடுப்பூசி காலம் கடந்திருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

பதில்: குப்பத்துக்காரர்

நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். காலையில் வலையை உதறும்போது விலைபோகாத மீன்களைக் கரையிலேயே போட்டுவிடுவோம். அவற்றில் பந்துபோல் உப்பிக்கொள்ளும் பேத்தை மீனும் இருக்கும். அதன் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள நஞ்சு காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. உருண்டையாக, முள் முள்ளாகக் காய்ந்து கிடப்பதைப் பந்து என்று நாய் கவ்வக்கூடும். கவ்வியதைக் கண்டால், அறிகுறிக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் ஓடுங்கள்.

தூண்டில் முள்ளும் அப்படித்தான். இரை ஒட்டிய முள்ளை நாய் விழுங்கிவிட்டு, வாயோரத்தில் தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டிய இழை) மட்டும் தொங்குவதைப் பார்த்தால் கை தானாக இழுக்கப் போகும். இழுக்காதீர்கள், உள்ளே குத்தி நிற்கும் முள் தொண்டையையோ குடலையோ கிழித்துவிடும். நரம்பை வெட்டாமல் கழுத்துப்பட்டையில் கட்டிவிட்டு அப்படியே கொண்டுசெல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள்: தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். நாய் மணலைத் தோண்டத் தொடங்கினால் உடனே விலக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பந்துதான் காரணமாக இருக்கும் என்று நான் எண்ணவே இல்லை. ஞாயிறன்று விடியும் முன்பே கிளம்புகிறோம். இரண்டு லிட்டர் தண்ணீரும் நீளக் கயிறும் எடுத்துவைத்துவிட்டேன். படகுகள் நிற்கும் பக்கம் போகாமல், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவோம்.