வடகடல் பாசி மிதவைகளும் குருசடைப் பவளமும்

பார்_தேடி:
ராமநாதபுரம் கரையில் மிதவை கட்டிச் செய்யும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்ப்பை இன்னும் பெருக்க வேண்டும் என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். அது நம் கடலில் பிறந்த பாசி இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்து இனம். 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாம்பனுக்குத் தெற்கே உள்ள குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே அது படர்ந்திருப்பதைப் பதிவு செய்தார்கள். பவளத்தின் திசுவுக்குள் இருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். மேலே தடித்த பாசி மெத்தையாகப் போர்த்தினால் கீழே பவளம் பட்டினியில் சாகும். கையால் பிய்த்தாலும் விரல்நுனி அளவு துண்டு மிஞ்சினால் போதும், திரும்பத் தழைக்கும்.

வடகடல்_மகள்:
நான் மிதவை போடுறவ, அதனால சொல்றேன். மூங்கில் மிதவை ஒண்ணுல 60 கிலோ விதைப்பாசித் துண்டு கட்டினா, 45 நாள்ல 200 கிலோவுக்கு மேல எடுக்கலாம். இது வர்றதுக்கு முன்னாடி எங்க அம்மா, சித்தி எல்லாம் விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, மூச்சைப் பிடிச்சு முங்கி, தீவு ஓரத்துப் பாறையில மரிக்கொழுந்துப் பாசி பறிச்சாங்க. கால் வெச்சது பூரா பவளப் பாறை, அதான் பார், அது மேலதான். 1986ல இந்தத் தீவுகளையெல்லாம் தேசியப் பூங்கான்னு அறிவிச்சப்புறம் அந்தப் பிழைப்புக்கும் கெடுபிடி. மிதவை வந்ததுலதான் நாங்க பாரை விட்டு விலகினோம். அந்தக் கணக்கையும் எழுதுங்க.

உப்புக்காற்று:
சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2016இல் பவளம் நிறமிழந்து வெளிறியபோது மன்னார் வளைகுடாப் பவளத்தில் சுமார் 16 சதவீதம் செத்தது. அதற்குக் காரணம் கடல் சூடு. அதற்கு முன்னால் சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டி வெட்டியே விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. குருசடையில் சில திட்டுகளைக் காட்டி, ஏழைப் பெண்கள் தலையில் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

பார்_தேடி:
பழி பெண்கள் மேல் இல்லை, திட்டம் போட்டவர்கள் மேல். சூடுதான் பெரிய எதிரி, அதில் எனக்கு மறுப்பே கிடையாது. ஆனால் வெளிறிய பவளம் தேறி வர இடமும் வெளிச்சமும் வேண்டும், அந்த நேரத்தில் பாசி மூடினால் தேறவே முடியாது. ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் 1970களில் இதே மாதிரிப் பாசியைக் கொண்டுவந்து விட்டார்கள். பின்னாளில் படகில் உறிஞ்சுகுழாய் வைத்து எடுக்க வேண்டி வந்தது, மிச்சத்தைத் தின்னக் கடல் முள்ளெலிக் குஞ்சுகளை வளர்த்து விட வேண்டி வந்தது. அவ்வளவு காசு நம்மிடம் இருக்கிறதா?

உப்புக்காற்று:
அதற்குத்தானே பாம்பனுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் வளர்க்கலாம் என்று 2005லேயே அரசு வரையறுத்தது?

பார்_தேடி:
காகிதத்தில் போட்ட கோடு நீரோட்டத்துக்குத் தெரியுமா? வாடைக்காற்றுக் காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) தண்ணீர் பாம்பன் கால்வாய் வழியாகத்தான் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) இறங்குகிறது. கால்வாயைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படுவதே குருசடைதான். மிதவைக் கயிறு அறுபடுவதும் அதே வாடையில்தான். ஐப்பசி முதல் மார்கழி வரை மிதவையே வேண்டாம் என்கிறேன். இல்லையென்றால் நம்மூர்க் கஞ்சிப்பாசியை வளர்க்கட்டும்.

வடகடல்_மகள்:
கஞ்சிப்பாசி இந்த வேகத்துல வளராது, அண்ணே. வாடையில கடல் எழும்பும்போது நாங்களே பாதி மிதவையைக் கரையேத்திடுவோம். மிச்சத்தை விடுறது விதைக்குத்தான். அதையும் எடுத்துட்டா தையில எதைக் கட்டுறது? 2013 வாக்குல சூடு தாங்காம பாசி அழுகிப்போச்சே, அப்ப விதை இல்லாம எத்தனை பேர் தொழிலை விட்டாங்கன்னு மண்டபம் ஊர்ல கேட்டுப் பாருங்க. மூணு மாசம் நிறுத்தணும்னா, கரையில தொட்டி கட்டி விதையைக் காப்பாத்திக் குடுங்க. விசைப்படகுக்காரங்களுக்கு 61 நாள் தடைக்கு நிவாரணம் வருதே, அதே மாதிரி எங்களுக்கும் போடச் சொல்லுங்க. ரெண்டும் வந்தா ஐப்பசி பிறக்கிறதுக்கு முன்னாடியே மொத்த மிதவையையும் நாங்களே ஏத்துறோம்.

பார்_தேடி:
தொட்டிக்கும் நிவாரணத்துக்கும் சேர்த்து மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். குருசடையில் வருடம் ஒரு தடவையாவது முங்கிப் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.